முதல் பெயரும் இருபத்து நான்காம் பெயரும்

ஏப்ரல் மாதக் கடைசி வாரம் வந்தால் என் நண்பர் ஒருவருக்குப் பழைய காயம் ஒன்று வலிக்கத் தொடங்கிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சான் ஹோசேயில் குடியேறி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டிவியில் டிராஃப்ட் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒரு இளைஞன் கோட்டு சூட்டோடு மேடையேறித் தொப்பி போட்டுக்கொள்வான். இவர் பெருமூச்சு விடுவார். "அன்னிக்கு அவனை எடுத்திருந்தா நம்ம கதையே வேற, தம்பி."

"அன்னிக்கு" என்றால் 2005 ஏப்ரல் 23. "அவன்" ஆரன் ராட்ஜர்ஸ். "நம்ம" என்பது சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ். இங்கே எல்லோரும் சுருக்கமாக நைனர்ஸ் என்பார்கள். நண்பர் இங்கே வந்து இறங்குவதற்குச் சில வருடம் முன்பு, 1995 ஜனவரியில், அவர்கள் கடைசியாக சூப்பர் பௌல் கோப்பையை வாங்கினார்கள். இன்றுவரை அதுதான் கடைசி. அதற்குப் பிறகு மூன்று முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றாயிற்று. வீட்டில் கஷ்டம் வந்தால் "அன்னிக்கு அந்த மனையை மட்டும் வித்திருக்கலேன்னா" என்று ஒரு பெரியவர் ஆரம்பிப்பாரே, நண்பரின் பேச்சில் அந்த ராகம் இருக்கிறது.

அவர் மட்டும் இல்லை. விளையாட்டு வானொலிகள், தொலைக்காட்சி வல்லுநர்கள், "வரலாற்றின் மோசமான தேர்வுகள்" என்று வருடா வருடம் பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். இது ஓர் இலக்கிய வகைமாதிரி ஆகியே விட்டது. கதை வகை என்றால் அதற்கு விமர்சனமும் வேண்டும் இல்லையா? இந்தக் கட்டுரை அந்த முயற்சிதான்.

*

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்குச் சில வார்த்தைகள். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பதினோரு பேர் கொண்ட தாக்கும் அணியில் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் குவார்ட்டர்பேக் என்ற ஒருவரின் கையிலிருந்து தொடங்கும். பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று வினாடிக்குள் யாருக்கு எறிவது, எறியாமல் ஓடுவதா, பந்தைத் தூக்கி வெளியே போட்டுவிடுவதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். எதிரே நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையில் நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ள ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

எந்த நகர்வு என்பதை அவர் தனியாக முடிவு செய்வதில்லை. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் என்றொரு பயிற்சியாளர் இருக்கிறார். அவர் சொல்வது குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் கேட்கும். ஒரு முழு வாக்கியம் நீளத்துக்குச் சங்கேதச் சொற்கள். அதை உள்வாங்கி, சகாக்களுக்குச் சொல்லி, எதிரணியின் நிற்பைப் பார்த்து, வேண்டுமானால் கடைசி நொடியில் மாற்றி... இத்தனையும் நாற்பது வினாடிக்குள். ஒவ்வொரு ஒருங்கிணைப்பாளருக்கும் தனிப் பாடப்புத்தகம், தனி மொழி. ஆள் மாறினால் மொழியும் மாறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்கு பிரிக்கும் சடங்கு. அணிகள் மொத்தம் 32. போன வருடம் கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு. 2004இல் நைனர்ஸ் 16 ஆட்டத்தில் 14இல் தோற்றார்கள். அதனால் 2005இன் முதல் பெயரைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு. புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் மைக் நோலன். குவார்ட்டர்பேக் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கண்ணெதிரே இரண்டு பையன்கள்.

ஒருவன் அலெக்ஸ் ஸ்மித். யூட்டா பல்கலைக்கழகம். முதன்மை ஆட்டக்காரனாக இறங்கிய 22 ஆட்டத்தில் 21 வெற்றி. இரண்டே வருடத்தில் பொருளாதாரத்தில் பட்டம் முடித்த படிப்பாளி. டிராஃப்ட் அன்று 21 வயதுகூட நிறையவில்லை.

இன்னொருவன் ராட்ஜர்ஸ். வடக்கு கலிஃபோர்னியாவின் சிகோ ஊர்க்காரன். சின்ன வயதிலிருந்து நைனர்ஸ் பைத்தியம், ஜோ மொன்டானாவின் பக்தன். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. பக்கத்திலிருந்த பியூட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரு வருடம் ஆடி, அங்கிருந்து பெர்க்லி வந்து சேர்ந்தான். 2004இல் பலம்பொருந்திய தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தொடர்ந்து 23 எறிதல்களைக் குறிதவறாமல் சேர்த்தான். பெர்க்லியிலிருந்து பாலம் தாண்டினால் சான் ஃபிரான்சிஸ்கோ.

நைனர்ஸ் சொன்ன பெயர் ஸ்மித். ராட்ஜர்ஸ் நியூயார்க் அரங்கின் காத்திருப்பு அறையில், கேமராக்கள் முகத்தையே மொய்க்க, நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் 24ஆவது பெயராக கிரீன் பே பேக்கர்ஸ் கூப்பிட்டது. நைனர்ஸ் எடுக்காதது எவ்வளவு ஏமாற்றம் என்று அன்று ஒரு நிருபர் கேட்டபோது, என்னை எடுக்காததற்காக அவர்கள் படப்போகும் ஏமாற்றம் அளவுக்கு இல்லை என்கிற பொருளில் பதில் சொன்னான். பிற்காலத்தில் இந்தப் பதிலே கதையின் பஞ்ச் டயலாக் ஆகிவிட்டது.

பிறகு நடந்ததும் அந்த டயலாக்குக்குத் தோதாகவே அமைந்தது. ராட்ஜர்ஸ் 2011 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்றார். லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2011, 2014, 2020, 2021 என்று நாலு முறை வாங்கினார். ஸ்மித் தன் முதல் வருடத்தில் கோல்கோட்டைத் தாண்டவைத்த எறிதல் ஒன்றே ஒன்று. எதிரணி பறித்துக்கொண்ட எறிதல்கள் 11. முதன்முதலாக முழுப் பொறுப்போடு இறங்கிய ஆட்டத்திலேயே நாலு பறிபோயின. ஆறு வருடத்துக்கு 4 கோடியே 95 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஊர் சும்மா இருக்குமா?

*

"இதுல விவாதிக்க என்ன இருக்கு? கண்ணுக்குத் தெரியுதே" என்பார் நண்பர். கண்ணுக்குத் தெரிவதுதான் முதல் சிக்கல்.

அன்று ராட்ஜர்ஸின் பெயர் தாண்டிப் போனது ஒரு முறை இல்லை, 23 முறை. நைனர்ஸ் செய்த தவறு கண்கூடான தவறு என்றால், அடுத்த 22 தேர்வுகளில் யாராவது ஒருவர் பாய்ந்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதற்குக் காரணமும் வைத்திருந்தார்கள். பெர்க்லியில் ராட்ஜர்ஸின் ஆசான் ஜெஃப் டெட்ஃபோர்டு. அதற்கு முன் அவரிடம் பயின்று முதல் சுற்றில் போன குவார்ட்டர்பேக்குகள் பலரும் பெரிய லீகில் சோபிக்கவில்லை. பந்தைக் காதருகே உயர்த்திப் பிடிக்கும் அவருடைய பாணி ராட்ஜர்ஸிடமும் இருந்தது. "அந்த வாத்தியார் பசங்க பரீட்சையில நல்லா எழுதுவாங்க, வேலைக்கு ஆவாது" என்று நம் ஊரில் சில டுட்டோரியல்களைப் பற்றிச் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு முத்திரை. அது முட்டாள்தனமான காரணம் என்று இன்று சொல்வது சுலபம். அன்றைக்கு அது பாடம் கற்றுக்கொண்ட அனுபவம் என்று பெயர் பெற்றிருந்தது.

ஆனால் "அன்னிக்கு யாருக்குத் தெரியும்" என்று சொல்லிக் கடையைச் சாத்திவிடுவதும் சோம்பேறித்தனம். தெரிந்திருக்க முடியாது என்ற சமாதானத்தில் தேர்வு செய்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இந்தக் கதை வகையின் பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ஒரு ஆளை மட்டும் பெயர்த்து இன்னொரு இடத்தில் நடுகிறது. மண், தண்ணீர், தோட்டக்காரன் எல்லாம் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. கிரீன் பேயில் விளைந்த ராட்ஜர்ஸை அப்படியே பிடுங்கிச் சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்து, இந்தா கோப்பை என்கிறது.

கிரீன் பேயில் என்ன நடந்தது? அங்கே பிரெட் ஃபார்வ் என்ற மகா ஆட்டக்காரர் இருந்தார். ராட்ஜர்ஸ் மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்தார். அவசரம் இல்லை, கூச்சல் இல்லை. காதருகே பந்தைப் பிடிக்கும் அந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். எறியும் அசைவே வேறாகியது. 2008இல்தான் பொறுப்பு கைக்கு வந்தது. அந்த வருடம் பேக்கர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வி. யாரும் அவரைத் தூக்கி எறியவில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் என்ன நடந்தது? ஸ்மித்தின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். 2005இல் மைக் மெக்கார்த்தி. 2006இல் நார்வ் டர்னர். 2007இல் ஜிம் ஹோஸ்ட்லர். 2008இல் மைக் மார்ட்ஸ். 2009இல் ஜிம்மி ரே. 2010இல் மூன்று ஆட்டம் முடிந்ததும் ரேயை நீக்கிவிட்டு மைக் ஜான்சன். 2011இல் கிரெக் ரோமன். ஏழு வருடத்தில் ஏழு பேர், ஏழு பாடப்புத்தகம். தமிழ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தவனை பதினொன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால் எப்படித் திணறுவான் என்று நமக்குத் தெரியும். இவனுக்கு வருடா வருடம் மீடியம் மாறியது.

நடுவில் ஒரு வருடம் மட்டும் பயிர் தலைதூக்கியது. 2006இல் டர்னரிடம் ஸ்மித் 16 ஆட்டமும் ஆடினார், அணி 7 வெற்றி பெற்றது. முதல் வருடத்தின் அந்த ஒற்றை எறிதல் 16 ஆகியது. உடனே டர்னருக்கு இன்னொரு அணியில் தலைமைப் பதவி கிடைத்தது, போய்விட்டார். அடுத்த வருடம் நாலாவது ஆட்டத்தில் ஸ்மித்தின் எறியும் தோள் விலகியது. வலியோடு ஆடினார், ஆட்டம் கெட்டது. வலி உண்மையா, துணிச்சல் போதவில்லையா என்கிற மாதிரி பேச்சு பயிற்சியாளர் பக்கத்திலிருந்தே வெளியே வந்து, இருவருக்கும் இடையே பகிரங்கமாகக் கசப்பு ஏற்பட்டது. பிறகு அறுவை சிகிச்சை. 2008 முழுக்க ஆடவில்லை.

2010 அக்டோபரில் ஓர் இரவு ஆட்டம். நோலன் போய் மைக் சிங்கிள்டரி தலைமைப் பயிற்சியாளராக வந்துவிட்டார். மைதான ஓரத்தில் அவரும் ஸ்மித்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, சொந்த ஊர்க் கூட்டமே "எங்களுக்குக் கார் வேண்டும்" என்று கோஷம் போட்டது. கார் என்பது மாற்று ஆட்டக்காரர் டேவிட் கார். அவர் யார் தெரியுமா? 2002 டிராஃப்டின் முதல் பெயர். அவரைத் தேர்ந்தெடுத்த ஹூஸ்டன் அணியால் அவருக்கு முன்னால் ஒரு ஒழுங்கான தடுப்புச் சுவரைக்கூட நிறுத்த முடியவில்லை. முதல் வருடத்தில் மட்டும் 76 முறை பந்தோடு கீழே தள்ளப்பட்டார், இன்றும் அதுதான் சாதனை எண். பாழாக்கப்பட்ட ஒரு முதல் தேர்வை உட்காரவைத்துவிட்டுப் பாழாக்கப்பட்ட இன்னொரு முதல் தேர்வை இறக்கு என்று அறுபதாயிரம் பேர் கேட்டார்கள். இந்தக் கதை வகையின் உச்சக் காட்சி என்று நான் இதைத்தான் சொல்வேன். நம் பட்டியல்காரர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2005இல் நைனர்ஸ் ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அறையில் இருந்த ஒருங்கிணைப்பாளர் மெக்கார்த்தி, மறுவருடமே பேக்கர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ராட்ஜர்ஸை வளர்த்தெடுத்த மெக்கார்த்தி அவர்தான். அதே ஆசான். ஒரு பையனோடு ஒரு வருடம் இருந்தார், இன்னொரு பையனோடு பதின்மூன்று பருவம் இருந்தார். தேர்வுதான் எல்லாமே என்கிறவர்கள் இந்த ஒரு தகவலை எப்படிச் செரிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

*

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். "திறமை இருந்தா எங்க போட்டாலும் முளைக்கும். பேட்டன் மேனிங்கைப் பாருங்க." 1998இன் முதல் பெயர் மேனிங். முதல் வருடத்தில் அவர் 28 எறிதல்களைப் பறிகொடுத்தார், ஸ்மித்தைவிட இரண்டரை மடங்கு. அவருடைய இண்டியானாபோலிஸ் அணி 16இல் 13 ஆட்டம் தோற்றது. பிறகு அவர் எட்டிய உயரம் எல்லோருக்கும் தெரியும்.

சரிதான். ஆனால் 1998இல் மேனிங்கோடு கூடவே வந்து சேர்ந்த ஒருங்கிணைப்பாளர் டாம் மூர். அடுத்த பத்து வருடத்துக்கு மேல் அதே ஆள்தான். அதே மொழி. 28 தவறுகளையும் அந்த ஒரே மொழியில் திருத்த முடிந்தது. மேனிங் அசாதாரணமானவர் என்பதை நான் மறுக்கவில்லை. ராட்ஜர்ஸின் மணிக்கட்டில் ஸ்மித்துக்கு என்றைக்கும் வாய்க்காத ஒன்று இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தரம் என்று சொன்னால் ஆட்டம் பார்க்கத் தெரியாதவன் என்று நண்பர் என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். ஆனால் அசாதாரணமும் முளைவிட ஒரு காலம் கேட்கிறது. 2005இன் நைனர்ஸ் வீட்டில் 21 வயது ராட்ஜர்ஸைப் போட்டு, அந்த ஓட்டைச் சுவருக்குப் பின்னால் அக்டோபரில் நிறுத்தி, வருடம் ஒரு மொழி கற்பித்திருந்தால் என்ன விளைந்திருக்கும்? ஸ்மித்தைவிட மேலாக ஆடியிருப்பார் என்றே நினைக்கிறேன். நாலு விருது வாங்கியிருப்பாரா என்றால் பந்தயம் கட்டமாட்டேன்.

தேர்வில் குற்றமே இல்லையா? இருக்கிறது. ஆனால் பட்டியல்காரர்கள் காட்டும் குற்றம் இல்லை. ராட்ஜர்ஸிடம் தலைக்கனம் தெரிந்தது, ஸ்மித் பிறரைத் திருப்திப்படுத்த நினைக்கும் சுபாவம் என்கிற தொனியில் நோலனே பிற்காலத்தில் பேசியிருக்கிறார். அடங்கிப் போகிற பையன், சொன்னதைக் கேட்கிற பையன். பெண் பார்க்கப் போகிற வீட்டில் "பொண்ணு அதிர்ந்து பேசாது" என்பதையே பெரிய தகுதியாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சரி, அடக்கத்துக்காக ஒருவனைத் தேர்ந்தெடுத்தீர்கள். அப்புறம் மூன்றாவது வருடம் அவனிடம் துணிச்சல் போதவில்லை என்று குறைபட்டால் எப்படி? எந்தக் குணத்துக்காக எடுத்தார்களோ அதற்கே தண்டனை கொடுத்தார்கள். இந்தக் குற்றத்தைக் கண்டுபிடிக்கப் பின்புத்தி தேவையில்லை. அன்றைக்கே, அந்த அறையிலேயே தெரிந்திருக்க வேண்டியது. நமக்கு என்ன வேண்டும் என்று தங்களையே அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நம்மோடு ஒத்துப்போகிறவன் யார் என்று கேட்டார்கள்.

திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 51ஆவது தெரிந்துதெளிதல், 52ஆவது தெரிந்துவினையாடல். ஒருவனை ஆராய்ந்து நம்புவது ஓர் அதிகாரம்; அப்படி நம்பியவனிடம் வேலையை ஒப்படைத்து அவனை ஆளவிடுவது அடுத்த அதிகாரம். பள்ளியில் படித்தபோது இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இருபது குறள் என்று எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தப் பிரிப்பின் அருமை தெரிகிறது. முதல் அதிகாரத்திலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஆராயாமல் நம்புவதும், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்று. நைனர்ஸ் ஏழு வருடம் செய்தது அந்த இரண்டாவதைத்தான். நம் டிராஃப்ட் விமர்சகர்கள் 51ஐ மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

*

இதை இவ்வளவு சூடாக எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நானும் ஆள் எடுக்கிற வேலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன். நாற்பத்தைந்து நிமிடம் ஒருவரைக் கேள்வி கேட்டுவிட்டு, வேண்டும், வேண்டாம் என்று பெட்டியில் டிக் அடிப்போம். முன்பு வேலை பார்த்த இடத்தில், கல்லூரி முடித்த கையோடு ஒரு பெண்ணை எடுத்தோம். நேர்முகத்தில் பிரமாதம். அதற்கப்புறம் பதினாலு மாதத்தில் அவளுக்கு நாலு மேனேஜர். மூன்றாவது மேனேஜர் நான். ஒரு ப்ராஜெக்டைப் பிடித்துக் கரையேறுவதற்குள் இன்னொன்றில் தள்ளினோம். ஒருவர் விரிவாக எழுதச் சொல்வார், அடுத்தவர் ஏன் இவ்வளவு நீட்டுகிறாய் என்பார். வருடக் கடைசி மதிப்பீட்டுக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், "தப்பான ஹயர்." மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அவள் போய்விட்டாள். இன்று வேறொரு இடத்தில் என்னைவிடப் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். அவள் உயர்ந்ததால் எனக்கு இது உறைத்தது என்று சொன்னால் அதுவும் பின்புத்திதான். அந்தக் கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போதே உறுத்தியது. "தப்பான ஹயர்" என்ற இரண்டு வார்த்தையில் நாங்கள் நாலு மேனேஜர்களும் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டிருந்தோம். குற்றம் முழுக்க ஒரு நேர்முகத் தேர்வின் தலையில். அது நடந்து முடிந்த நாள், திருத்த முடியாத நாள், அதனால் யாரும் எதையும் திருத்தவேண்டியதில்லை.

"அன்னிக்கு அவனை எடுத்திருந்தா" என்ற வாக்கியம் எனக்கு ஒப்பாததற்குக் காரணம் இதுதான். கேட்பதற்குக் கடுமையான விமர்சனம் போல இருக்கும். உண்மையில் அது நிர்வாகத்துக்கு மிகவும் வசதியான விமர்சனம். ஏழு வருட நிர்வாகத்தை ஒரு மத்தியானமாகச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது.

*

2011இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தார். அவரே பழைய குவார்ட்டர்பேக். ஸ்மித்தை வேண்டாம் என்று எல்லோரும் சொன்னபோது வைத்துக்கொண்டார். அந்த வருடம் நைனர்ஸ் 13 வெற்றி, 3 தோல்வி. ஸ்மித் வருடம் முழுக்கப் பறிகொடுத்தது 5 எறிதல்தான். 2012 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், ஒன்பது வினாடி மிச்சமிருக்கும்போது வெர்னன் டேவிஸிடம் அவர் சேர்த்த எறிதலில் 36-32 என்று ஜெயித்தார்கள். "வேஸ்ட் பார்ட்டி" என்று சொல்லப்பட்டவன், அதே கைதான், அதே தோள்தான்.

மறுவருடம் இன்னும் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது தலையில் அடிபட்டு உட்கார்ந்தார். காலின் கேப்பர்னிக் உள்ளே வந்தார். ஸ்மித்துக்குத் திரும்ப இடம் கிடைக்கவில்லை. அந்த ஜனவரியில் கேப்பர்னிக் ஒரே ஆட்டத்தில் 181 கஜம் ஓடி யாரைத் தோற்கடித்தார் தெரியுமா? ராட்ஜர்ஸின் பேக்கர்ஸை. அடுத்த வருடமும் அதே கதை. 2020 ஜனவரியில் மறுபடி. 2022 ஜனவரியில், கிரீன் பேயின் பனியில், நைனர்ஸின் தாக்கும் அணி ஒரு முறைகூடக் கோட்டைத் தாண்டாமலே 13-10 என்று மறுபடி. நாக்அவுட் ஆட்டங்களில் ராட்ஜர்ஸ் நைனர்ஸை நாலு முறை சந்தித்தார், நாலிலும் தோற்றார். "எடுத்திருந்தா" கதையை நேசிப்பவர்களுக்கு இது ஒரு சங்கடம். எடுக்காமலே அவரிடமிருந்து வேண்டியதை வாங்கிக்கொண்டார்கள் என்றுகூட ஒருவர் குறும்பாக வாதிடலாம்.

அணி பாடம் கற்றதா? 2021இல் மூன்றாவது பெயராக ட்ரே லான்ஸை எடுப்பதற்காக எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகளை அள்ளிக் கொடுத்தார்கள். அவர் நைனர்ஸுக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியது நாலே ஆட்டம். காயம், பிறகு விற்பனை. 2022இல் டிராஃப்டின் கடைசிப் பெயராக, 262ஆவதாக, ப்ராக் பர்டியை எடுத்தார்கள். அவர் 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். இதிலிருந்து "கடைசிப் பெயர்தான் நல்லது" என்று யாரும் சூத்திரம் எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன். பர்டி வந்து சேர்ந்த வீட்டில் ஒரே தலைமைப் பயிற்சியாளர் ஐந்து வருடமாக ஒரே மொழியைப் பேசிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஸ்மித்தை 2013இல் கன்சாஸ் சிட்டிக்கு விற்றார்கள். அங்கே ஐந்து வருடத்தில் நாலு முறை அணியை நாக்அவுட் சுற்றுக்குக் கொண்டுபோனார். பிறகு வாஷிங்டன். 2018இல் கால் எலும்பு உடைந்து, தொற்று பரவி, காலை எடுக்கவேண்டியிருக்கும் என்ற நிலை வரை போய், 17 அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2020இல் மறுபடி களத்தில் இறங்கினார். துணிச்சல் பற்றி முன்பு ஒரு கேள்வி இருந்ததே, அதற்கு இதைவிடப் பதில் வேண்டியதில்லை.

2024 பிப்ரவரி இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை போயிற்று. கன்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் கடைசி எறிதலைச் சேர்த்தார். 25-22. நைனர்ஸ் தோற்றது. பத்து நிமிடத்தில் நண்பரிடமிருந்து போன்.

"2017ல நம்ம கையில ரெண்டாவது பிக் இருந்துச்சு தம்பி. மஹோம்ஸ் அங்கதான் இருந்தான். பிக்கை சிகாகோக்காரனுக்கு வித்துட்டு வேற யாரையோ எடுத்தானுங்க. அன்னிக்கு அவனை எடுத்திருந்தா..."

"அண்ணா, மஹோம்ஸ் முதல் வருஷம் ஆடவே இல்லையே, ஞாபகம் இருக்கா? கடைசியில ஒரே ஒரு மேட்ச். மிச்ச நேரமெல்லாம் உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தான்."

"ஆமா, அதுக்கென்ன?"

"யாரைப் பாத்துக்கிட்டு இருந்தான்?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. ஸ்மித்திடம் அந்த ஒரு வருடம் கற்றதைப் பற்றி மஹோம்ஸ் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார், நண்பரும் கேட்டிருப்பார்.

"அலெக்ஸ் நல்ல பையன்தான்," என்றார் கடைசியில். "நாமதான் சரியா வெச்சுக்கல."

பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து "எடுத்திருந்தா" வராமல் முடிந்த வாக்கியம் அது ஒன்றுதான். அடுத்த ஏப்ரலில் வழக்கம்போல மறுபடி ஆரம்பித்துவிட்டார்.